பக்கத்து நட்சத்திரத்துக்கு எவ்ளோ நாளாகும்? ஒரு ஷீட் போட்டுப் பார்த்த கதை

நமக்கு ரொம்ப பக்கத்துல இருக்கிற நட்சத்திரம் பிராக்ஸிமா செண்டாரி, 4.25 ஒளியாண்டு. அங்க போக எவ்ளோ வருஷம் ஆகும்னு தேடினா ஒரு இடத்துல 75,000 வருஷம்னு போட்டிருக்கும், இன்னொரு இடத்துல 6,600, இன்னொண்ணுல 20, சில இடத்துல மூணரை வருஷம்னு கூட இருக்கும். இதுல எதுவுமே சும்மா அடிச்சு விட்டது இல்ல, எல்லாமே கணக்கு போட்டு வந்த நம்பர்தான். அப்போ ஒவ்வொரு நம்பரும் எதை வச்சுகிட்டு, எதை விட்டுட்டு வருதுன்னு பார்க்கணும்னு ஒரு கூகுள் ஷீட் திறந்து உட்கார்ந்தேன். யாருக்காவது வீட்டுல போட்டுப் பார்க்கணும்னு இருந்தா அப்டியே ஃபாலோ பண்ணலாம், பிளஸ் டூ கணக்கு தாண்டி பெருசா ஒண்ணும் வேணாம்.

முதல்ல மேல ஒரு மூலையில மாறிலிகள் மட்டும் தனியா வச்சிடுங்க. ஒளியோட வேகம் வினாடிக்கு 2,99,792 கி.மீ., பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் 14.96 கோடி கி.மீ., ஒரு ஒளியாண்டுன்னா 9.46 லட்சம் கோடி கி.மீ. இந்த கடைசி நம்பரை ஷீட் ஃபுல்லா இழுத்துகிட்டுத் திரிஞ்சா சைபர் எண்ணியே கண்ணு போயிடும். அதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு: 2,99,792-ஐ கப்பலோட வேகத்தால வகுத்தா ஒரு ஒளியாண்டுக்கு எத்தனை வருஷம்னு நேரடியா வந்துடும். நாசாவோட வாயேஜர் 1 விண்கலம் வினாடிக்கு 17 கி.மீ. வேகத்துல போகுது, 2,99,792 ÷ 17 = 17,635. அதாவது ஒரு ஒளியாண்டு தாண்ட 17,635 வருஷம். அதை 4.246-ஆல பெருக்கினா 74,900. ஊரெல்லாம் சொல்ற 75,000 வந்தாச்சு, ரெண்டு செல்லு வேலை.

ஆனா தூரம் ÷ வேகம்ங்கிற இந்த ஃபார்முலா நிஜமா நடந்த பயணங்களுக்கு ஒத்து வருதான்னு பார்க்காம அடுத்த நட்சத்திரத்துக்குத் தாவறது சரியில்லைனு தோணுச்சு. அதனால கிளம்பின தேதி ஒரு செல், போய்ச் சேர்ந்த தேதி ஒரு செல், ரெண்டையும் கழிச்சா நாள் கணக்கு, இப்டி ஒரு டேப் தனியா போட்டேன்.

நிலா: 3,84,400 கி.மீ. அப்பல்லோ 11 பூமிய விட்டு நிலாவ நோக்கி கிளம்பறப்போ வேகம் வினாடிக்கு 11 கி.மீ.க்கு கொஞ்சம் கீழ. ஃபார்முலாவுல 11 போட்டா 9.7 மணி நேரம்னு சொல்லுது. நிஜத்துல ராக்கெட் கிளம்பினதுல இருந்து நிலாவச் சுத்தற பாதைக்குள்ள நுழைய கிட்டத்தட்ட 76 மணி நேரம். சராசரி வேகம் பார்த்தா வினாடிக்கு 1.4 கி.மீ.தான்! ஏன்னா எஞ்சினை அணைச்சதும் பூமி பின்னாடி இருந்து இழுத்துகிட்டே இருக்கு, வழி பூரா வேகம் கரையுது. நியூ ஹொரைசன்ஸ் 2006-ல புளூட்டோவுக்குக் கிளம்பினப்போ நிலாவோட சுத்துப்பாதைய 9 மணி நேரத்துக்குள்ளயே தாண்டிடுச்சு, ஆனா அது அங்க நிக்கப் போறதில்ல, கிளம்பற வேகமே 16 கி.மீ. நம்ம சந்திரயான் 3, 2023 ஜூலை 14-ல கிளம்பி ஆகஸ்ட் 5-ல நிலாவச் சுத்தற பாதைக்குப் போச்சு, 22 நாள், தரையிறங்கினது 23-ஆம் தேதி, மொத்தம் 40 நாள். அதே நிலா அதே தூரம்தான். ஆனா இஸ்ரோ ராக்கெட் நேரா தூக்கி எறியல, பூமியச் சுத்தி சுத்தி கொஞ்சம் கொஞ்சமா பாதைய நீட்டி, ஆகஸ்ட் 1-லதான் நிலாப் பக்கம் தள்ளி விட்டாங்க. இந்த ஒரு வரிசையிலயே புரிஞ்சது, நேரத்தை முடிவு பண்றது தூரம் மட்டும் இல்ல, கையில எவ்ளோ எரிபொருள் இருக்குங்கிறதும்தான்.

செவ்வாய்க்கு தூரம்னு எதைப் போடறதுன்னே பிரச்சனை. ரொம்ப கிட்ட வர்றப்போ ஐந்தரை கோடி கி.மீ., எதிர்ப்பக்கம் இருக்கறப்போ 40 கோடி. இங்க தூரமே வேணாம்னு விட்டுட்டு வேற வழி எடுக்கணும். ஜெர்மன் இன்ஜினியர் வால்டர் ஹோமான் 1925-லயே எழுதி வச்ச வழி: பூமியோட பாதைய ஒரு முனையிலயும் செவ்வாயோட பாதைய மறுமுனையிலயும் தொடற மாதிரி சூரியனைச் சுத்தி ஒரு நீள்வட்டம், அதுல பாதி தூரம் போறதுதான் பயணம். கெப்ளரோட மூணாவது விதி போதும். பூமி 1, செவ்வாய் 1.524, ரெண்டோட சராசரி 1.262. அதோட அடுக்கு 1.5 எடுத்தா முழு சுத்துக்கு 1.418 வருஷம், பாதி 259 நாள். இப்போ தேதி டேப் எடுத்து ஒப்பிட்டா: கியூரியாசிட்டி 254 நாள், பெர்சவரன்ஸ் 203 நாள், மங்கள்யான் பூமிய விட்டுக் கிளம்பின 2013 டிசம்பர் 1-ல இருந்து 297 நாள். ஒரு ஒத்தை செல் ஃபார்முலாவுக்கு இது செம ரிசல்ட். இன்னொண்ணு, அந்த அரை நீள்வட்டத்தோட நீளம் கிட்டத்தட்ட 59 கோடி கி.மீ. வருது. "செவ்வாய் ஐந்தரை கோடி கி.மீ. தூரத்துல"ன்னு செய்தியில படிக்கிறோம்ல, போற வழி அதைவிட பத்து மடங்குக்கு மேல.

அடுத்து புளூட்டோ. இங்கதான் ஒரு வேடிக்கை. நியூ ஹொரைசன்ஸ் 2006 ஜனவரி 19 கிளம்பி 2015 ஜூலை 14 சேர்ந்தது, 3,463 நாள், ஒன்பதரை வருஷம். எல்லாரும் சொல்ற கிளம்பின வேகம் 16.26 கி.மீ., அன்னைக்கு பூமியில இருந்து புளூட்டோ சுமார் 477 கோடி கி.மீ. வகுத்தா 9.3 வருஷம். ஆஹா சரியா வந்துடுச்சேன்னு சந்தோஷப்பட்டு அடுத்ததுக்குப் போயிடலாம், ஆனா அந்த 16.26 பூமிய ஒப்பிட்ட வேகம். பூமியே சூரியனைச் சுத்தி 30 கி.மீ. வேகத்துல ஓடுது, ரெண்டும் சேர்த்தா சூரியனை ஒப்பிட்டு கிளம்பறப்போ 45 கி.மீ. கிட்ட. அதைப் போட்டா மூணரை வருஷத்துல புளூட்டோ! நிஜத்துல சூரியன் இழுத்து இழுத்து வியாழன்கிட்ட போறதுக்குள்ள 20-க்கும் கீழ கொண்டு வந்துடுச்சு, 2007 பிப்ரவரியில வியாழன் ஒரு 4 கி.மீ. வேகம் ஏத்தி விட்டுச்சு, அதுலயே மூணு வருஷம் மிச்சம், மறுபடி கரைஞ்சு புளூட்டோகிட்ட போறப்போ 14 சில்லறை. ஏறினதும் இறங்கினதும் தற்செயலா 16 பக்கத்துல சராசரி கொடுத்திருக்கு, அவ்ளோதான். விடை சரியா வந்ததால ஃபார்முலா சரின்னு நம்பினா இந்த மாதிரிதான் மாட்டுவோம். இதுக்கப்புறம் ஷீட்ல வேகம்னு வர்ற ஒவ்வொரு செல்லுக்கும் பக்கத்துல "எதை ஒப்பிட்டு"ன்னு ஒரு செல் கட்டாயம் ஆக்கிட்டேன்.

அந்த செல் வந்ததும் 6,600 வருஷத்தோட குட்டு உடைஞ்சது. அது சூரியனை ஆராயற நாசா விண்கலம் பார்க்கர் சோலார் ப்ரோபோட வேகம். 2024 டிசம்பர் 24-ல சூரியனோட மேற்பரப்புல இருந்து 61 லட்சம் கி.மீ. தூரத்துல மணிக்கு 6.92 லட்சம் கி.மீ., அதாவது வினாடிக்கு 192 கி.மீ. மனுஷன் செஞ்சதுலயே வேகமான பொருள் அதுதான், சந்தேகமே இல்ல. ஆனா அது சூரியனை நோக்கி விழற வேகம். ஊஞ்சல் கீழ வர்றப்போ இருக்கிற வேகத்தை வச்சு பக்கத்து ஊருக்கு எப்போ போய்ச் சேரும்னு கேக்கற மாதிரி. பாதையோட மறுமுனை வெள்ளியோட சுத்துப்பாதை பக்கம், அங்க போறப்போ வேகம் 12 கி.மீ. சில்லறைதான் (கிட்ட தூரம் × கிட்ட வேகம் = எட்ட தூரம் × எட்ட வேகம், தூரத்தை மட்டும் சூரியனோட மையத்துல இருந்து எடுக்கணும், கோண உந்தம் மாறாதுங்கிற ஒரே வரி). பார்க்கர் சூரியனை விட்டு வெளிய போகவே போகாது. வேகமானதுங்கிறதும் வெளிய போறதுங்கிறதும் வேற வேற. வெளிய போறதுல இன்னைக்கும் வாயேஜர் 1-தான் முதல், அதுக்கும் 1979-ல வியாழனும் 1980-ல சனியும் தள்ளி விட்டதாலதான் அந்த 17 கிடைச்சது. 1977 செப்டம்பர் 5-ல கிளம்பினது, 2026 நவம்பர் வாக்குலதான் ஒரு ஒளி-நாள் தூரத்தைத் தொடும். ஒளி ஒரு நாள்ல போற தூரத்துக்கு 49 வருஷம்.

இப்போ என்னை ரொம்ப நேரம் பிடிச்சு வச்ச பகுதி. வாயேஜர் 1 இன்னும் 40,000 வருஷத்துல கிளீஸ 445-ங்கிற நட்சத்திரத்துகிட்ட 1.6 ஒளியாண்டு தூரத்துல கடந்து போகும்னு நாசா சொல்லுது. அந்த நட்சத்திரம் இப்போ இருக்கிறது 17 ஒளியாண்டுல. என் ஷீட் படி 17 × 17,635, மூணு லட்சம் வருஷம் ஆகணும். 40,000 வருஷத்துல வாயேஜர் போறது வெறும் 2.3 ஒளியாண்டு! மீதி? அந்த நட்சத்திரம் நம்ம பக்கம் வினாடிக்கு சுமார் 110 கி.மீ. வேகத்துல வந்துகிட்டு இருக்கு, 40,000 வருஷத்துல அது கிட்டத்தட்ட 15 ஒளியாண்டு நடந்து வந்துடும். வாயேஜர் அங்க போகல, அதுதான் இங்க வருது.

அப்போ பிராக்ஸிமாவும் சும்மா நிக்காதே. அதுவும் நம்ம பக்கம் 22.2 கி.மீ. வேகத்துல நெருங்குது, அதே சமயம் பக்கவாட்டுல 23.8 கி.மீ. வேகத்துல நகருது. ரெண்டையும் ஷீட்ல ஏத்தினேன். செங்குத்தா ரெண்டு திசை, பித்தாகரஸ்: t வருஷத்துக்கு அப்புறம் நட்சத்திரம் இருக்கிற தூரத்தோட வர்க்கம் = (ஆரம்ப தூரம் − 22.2t)² + (23.8t)². அது கப்பல் போன தூரத்தோட வர்க்கத்துக்கு, (வேகம் × t)²-க்கு, சமமாகணும். இதுக்கு ஆரம்ப தூரத்தை 4.246 × 2,99,792-ன்னு போட்டா t நேரா வருஷத்துலயே வரும். பள்ளிக்கூடத்து இருபடிச் சமன்பாடு, அவ்ளோதான். சரியா இருக்கான்னு பார்க்க முதல்ல கப்பலே இல்லாம நட்சத்திரம் எப்போ ரொம்ப கிட்ட வரும்னு கேட்டேன்: 26,700 வருஷம் கழிச்சு, 3.1 ஒளியாண்டு தூரத்துல. வானியல்காரங்க சொல்றதும் இதேதான், அப்போ டேட்டா ஓகே.

இப்போ வேகத்துல 17-ன்னு போட்டேன். வர்க்கமூலத்துக்குள்ள மைனஸ் நம்பர். பிழை. அதாவது விடையே இல்ல. வினாடிக்கு 17 கி.மீ. வேகத்துல போற கப்பலை எந்தத் திசையில குறி வச்சு விட்டாலும் அது பிராக்ஸிமாவ எப்பவுமே போய்ச் சேராது, ஏன்னா பக்கவாட்டுல அது ஓடற 23.8-ஐக் கூட ஈடு கட்ட கப்பலால முடியல. நட்சத்திரம் கிட்ட வந்து மறுபடி விலகிப் போயிடும், கப்பல் பின்னாடியே போய்கிட்டு இருக்கும். ஊரெல்லாம் சொல்ற 75,000 வருஷம், எப்பவுமே போய்ச் சேராத ஒரு பயணத்தோட கால அளவு! குறைஞ்சது 23.8 வேணும், அப்போ 57,000 வருஷம் சொச்சம். 30 கி.மீ. போட்டா 31,500 வருஷம், சாதா வகுத்தல் அதுக்கு 42,400-ன்னு சொல்லும். 192 போட்டா 6,000-க்கு கொஞ்சம் கீழ. வேகம் ஆயிரக்கணக்குல போனா இந்த வித்தியாசமெல்லாம் கரைஞ்சுடும், தூரம் ÷ வேகமே போதும். மெதுவா போறவனுக்குத்தான் இந்தத் தொல்லையெல்லாம். (பிராக்ஸிமா, ஆல்ஃபா செண்டாரி ஜோடிய ஒரு சுத்து சுத்த அஞ்சு லட்சம் வருஷத்துக்கு மேல ஆகும், அதனால இந்தக் கணக்குல நேர்கோடுன்னு எடுத்தா பாதகமில்ல.)

மூணரை வருஷத்துக்கு வருவோம். இது எஞ்சினை அணைக்கவே அணைக்காத கப்பல். பாதி வழி வரைக்கும் 1 ஜி முடுக்கம், அதாவது உள்ள இருக்கிறவங்களுக்கு பூமியில நிக்கற மாதிரியே எடை, பாதியில கப்பலைத் திருப்பி மீதி வழி அதே 1 ஜி-ல பிரேக். ஐன்ஸ்டைனை விட்டுட்டு நியூட்டன்படி போட்டா நேரம் = 2 × வர்க்கமூலம் (தூரம் ÷ முடுக்கம்). நிலாவுக்கு மூணரை மணி நேரம், 22.5 கோடி கி.மீ.ல இருக்கிற செவ்வாய்க்கு மூணரை நாள், 600 கோடி கி.மீ.க்கு 18 நாள். தூரம் நூறு மடங்கு ஆனா நேரம் பத்து மடங்குதான் ஆகும், வர்க்கமூலம் பண்ற மாயம்.

நட்சத்திரத்துக்கு நியூட்டன் பத்தாது, வேகம் ஒளிய நெருங்கிடுது. ஷீட்ல ஏ-காஷ்னு (ACOSH, நேர்மாறு ஹைபர்போலிக் கொசைன்) ஒரு ஃபங்ஷன் இருக்கு, அதுதான் இங்க ஹீரோ. ஒளியாண்டு, வருஷம்ங்கிற அலகுல 1 ஜி = 1.032. கப்பல் கடிகாரத்துல நேரம் = (2 ÷ 1.032) × ஏ-காஷ்(1 + 1.032 × தூரம் ÷ 2). 4.246 போட்டா 3.54 வருஷம். பூமி கடிகாரத்துல 5.9 வருஷம். நடுவழியில உச்ச வேகம் ஒளியில 95 சதவீதம். ஆக "எவ்ளோ நேரம்"னு கேட்டா "யாரோட வாட்ச்ல"ன்னு திருப்பிக் கேக்கணும், ஷீட்ல இன்னொரு செல். சரிபார்க்க நிலாவோட தூரத்தை இதே ஃபார்முலாவுல போட்டேன், அதே மூணரை மணி நேரம், நியூட்டனோட அச்சு அசலா ஒத்துப்போகுது. சில கி.மீ. மாதிரி சின்ன தூரத்துக்கு மட்டும் இதை நம்ப வேணாம், 1-கூட ரொம்ப குட்டி நம்பரைக் கூட்டறப்போ கடைசி இலக்கங்கள் வெட்டுப்பட்டுடும், அங்க நியூட்டனே பெட்டர்.

அப்புறம் சும்மா இருக்க முடியுமா, பெரிய தூரமா போட்டுத் தள்ளினேன். பால்வெளி மண்டலத்தோட மையம், 26,000 ஒளியாண்டு: கப்பல்ல இருக்கிறவங்களுக்கு 20 வருஷம். ஆண்ட்ரோமீடா, 25 லட்சம் ஒளியாண்டு: 28.6 வருஷம். ஒரு ஆயுசுல போய்ச் சேரலாம், ஆனா கிளம்பின ஊர்ல 25 லட்சம் வருஷம் ஓடிப் போயிருக்கும்.

இந்த சந்தோஷத்தைக் கெடுக்கிறது எரிபொருள் வரிசை. ரஷ்ய ராக்கெட் விஞ்ஞானி சியோல்கோவ்ஸ்கி 1903-ல வெளியிட்ட சமன்பாடு: கிளம்பறப்போ உள்ள எடை ÷ சேர்றப்போ உள்ள எடை = இ (அதாவது 2.718) அடுக்கு (வேகம் ÷ வெளியேறும் வாயுவோட வேகம்). ஹைட்ரஜன்-ஆக்ஸிஜன் எஞ்சின்ல வாயு வினாடிக்கு 4.4 கி.மீ. வேகத்துல வெளிய வரும். ஒளியில பத்துல ஒரு பங்கு வேகம் வேணும்னு போட்டா ஷீட் எண் பிழைன்னு கைய விரிச்சிடுச்சு, அதால 308 இலக்கத்துக்கு மேல தாங்க முடியாது. மடக்கை எடுத்துப் பார்த்தா 1-க்கு அப்புறம் 2,959 சைபர். நம்ம கண்ணுக்கு எட்டின பிரபஞ்சத்துல இருக்கிற அணுக்களோட எண்ணிக்கையே 80 சைபர்தான். இதுல பிரேக் போட இன்னும் கணக்கே எடுக்கல, எடுத்தா சைபர் ரெண்டு மடங்கு. சரி, பொருளை முழுசா ஒளியா மாத்தி பின்னாடி விடற, கற்பனையில மட்டும் இருக்கிற உத்தம எஞ்சின்? அதுலயும் 1 ஜி-ல பிராக்ஸிமா போய் நிக்கணும்னா சேர்ற ஒவ்வொரு கிலோவுக்கும் கிளம்பறப்போ 39 கிலோ. பால்வெளி மையத்துக்கு ஒரு கிலோவுக்கு 72 கோடி கிலோ.

அதனாலதான் சீரியஸா டிசைன் பண்ணவங்கள்ல நிறைய பேர் நிறுத்தறதைப் பத்தி பேசறதில்ல. பிரிட்டிஷ் இன்டர்பிளானட்டரி சொசைட்டி 1973-ல இருந்து 78 வரைக்கும் உட்கார்ந்து போட்ட டீடலஸ் திட்டத்துல 54,000 டன் கப்பல், அதுல 50,000 டன் எரிபொருள், ஹீலியம்-3-ஐ வியாழனோட காத்துல இருந்து எடுக்கணும், ஒளியில 12 சதவீத வேகம், ஆறு ஒளியாண்டு தூரத்துல இருக்கிற பர்னார்ட் நட்சத்திரத்தை 50 வருஷத்துல கடந்து போயிடும், நிக்காது. 20 வருஷம்னு சொன்னது 2016-ல அறிவிச்ச பிரேக்த்ரூ ஸ்டார்ஷாட், கிராம் கணக்குல எடை உள்ள பாய்மரத்தை பூமியில இருந்து லேசர் அடிச்சு ஒளியில 20 சதவீதத்துக்குத் தள்றது. 4.246 ÷ 0.2 = 21 வருஷம், அந்த வேகத்துல ரெண்டு வாட்சுக்கும் வித்தியாசம் அஞ்சு மாசம்தான். ஃபோட்டோ திரும்பி வர இன்னும் நாலேகால் வருஷம் கூட்டிக்கணும், அதை யாரும் தலைப்புல போடறதில்ல.

கடைசி டேப் எனக்கு ரொம்ப பிடிச்சது. இன்னைக்கு மெதுவான கப்பல்ல கிளம்பினா, நாளைக்கு வேகமான கப்பல்ல கிளம்பறவன் வழியில நம்மளத் தாண்டிப் போயிடுவானே, அப்போ எவ்ளோ காத்திருந்து கிளம்பணும்? ஆண்ட்ரூ கென்னடிங்கிறவர் 2006-ல இதைப் பத்தி அதே பிரிட்டிஷ் சொசைட்டி ஜர்னல்ல ஒரு கட்டுரையே எழுதியிருக்கார். ஷீட்ல பண்றது ரொம்ப ஈஸி: ஒரு பத்தியில 0-ல இருந்து 1,500 வரைக்கும் காத்திருக்கிற வருஷம், பக்கத்துல 74,900-ஐ அதுக்குள்ள வேகம் வளர்ந்த அளவால வகுத்தது, மூணாவது ரெண்டோட கூட்டுத்தொகை, அதுல சின்னது எதுன்னு தேடணும். (17-ல ஆரம்பிச்சாலும் முடியறப்போ வேகம் ஆயிரக்கணக்குல இருக்கும், அதனால இங்க சாதா வகுத்தல் போதும்.) வருஷத்துக்கு 1 சதவீதம் வேகம் கூடுதுன்னா 665 வருஷம் காத்திருந்து கிளம்பி 100 வருஷத்துல சேரலாம். 2 சதவீதம்னா 369 காத்திருப்பு, 50 பயணம். அரை சதவீதம்னா 1,188-ம் 200-ம். கிளம்ப சரியான நேரத்துல பயணம் எப்பவும் 100-ஐ வளர்ச்சி சதவீதத்தால வகுத்தது, தூரம் எவ்ளோவா இருந்தாலும் இது மாறல. நட்சத்திரத்தை மாத்தி மாத்திப் போட்டும் பார்த்துட்டேன், காத்திருப்பு மட்டும்தான் நீளுது.

இதுல அந்த வளர்ச்சி சதவீதம்தான் நாமளா போடற நம்பர். நிஜ டேட்டா போடலாம்னு பார்த்தா, சூரியனை விட்டு வெளிய போறதுல 1977-ல கிளம்பின கப்பலை இதுவரைக்கும் எதுவும் முந்தல. அந்த செல்லுல 0 போட்டு 100 ÷ வளர்ச்சி சதவீதம்ங்கிற அந்த ஃபார்முலாவ ஓட்டினா, சைபரால வகுக்க முடியாதுன்னு ஷீட் சொல்லுது.